தும்மலின் முதல் எழுத்து

பரசுராமனுக்குத் தும்மல் வந்தால் ஒன்றோடு நிற்காது. ராயபுரத்தில் ராமதாஸ் நடத்திவந்த அச்சகத்தில், காலையில் எழுத்துப் பெட்டிகளைத் துருத்தியால் ஊதிச் சுத்தம் செய்வார்கள். ஈயப் பொடியும் காகிதத் தூசியும் கிளம்பும். ஜன்னல் வழியே துறைமுகத்து நிலக்கரித் தூளும் வந்து சேர்ந்துகொள்ளும். பரசுராமன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவதற்குள் முதல் தும்மல் வெடித்துவிடும். அந்தக் கோடியில் மெஷின் ஓட்டும் தாவூது அங்கிருந்தே தும்மலுக்கு நூறு ஆயுசு என்று எண்ண ஆரம்பிப்பான்.

"நூறு! எரநூறு! முன்னூறு! நைனா, நீ இப்டியே தும்மிக்கினு இருந்தா எங்க எல்லாரையும் வழியனுப்பிட்டுதான் போவ."

சிரிப்பில் பரசுராமனும் கலந்துகொள்வான். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுத் தன் பெட்டியின் முன் நின்றால் மத்தியானம் சங்கு ஊதும்வரை தலை நிமிர மாட்டான். பதினைந்து வருடமாக அச்சுக் கோக்கிறான். கை தானாகப் போய் எழுத்தை எடுக்கும். தலைகீழாக நிற்கும் வரியை இடமிருந்து வலமாக வாசித்துவிடுவான்.

இது நடந்தது 1952இல். அப்போது அவனுக்கு முப்பத்து மூன்று வயது. புளியந்தோப்பில் ஓர் அறையும் சமையல் மூலையும் கொண்ட குடியிருப்பில் மனைவி சொக்கம்மாளோடு இருந்தான். அவள் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தாள். பரசுராமனின் அப்பா ரயில்வேயில் கரி தள்ளியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைப் பவுத்த சங்கத்து வாசகசாலைக்குக் கூட்டிப்போய்ப் பத்திரிகை படிக்க வைத்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனாலும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. அன்றன்று கோத்த இங்கிலீஷில் தெரியாத வார்த்தை ஒன்றை எடுத்து ஒரு நோட்டில் எழுதுவான். யாரிடமாவது கேட்டு அர்த்தமும் எழுதிவிடுவான். அப்படி ஆறு நோட்டு நிரம்பியிருந்தது.

அச்சகத்தில் புரூஃப் பார்க்க இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் சுப்புராயன். பி.ஏ. இரண்டாம் வருடம்வரை படித்தவர். மடித்த அங்கவஸ்திரமும் தங்க நிப்புப் பேனாவுமாக வருவார். மற்றதில் இருந்தவர் பம்பாய்க்குப் போய்விட்டார். காலியான அந்த நாற்காலியைப் பரசுராமன் கேட்டான்.

"மொதலாளி, புரூஃப் நான் பாக்கறேன். ஒருவாட்டி வச்சிப் பாருங்க."

ராமதாஸ் கெட்டவர் அல்ல. எந்த முடிவையும் தள்ளிப்போடுகிற ஆள், அவ்வளவுதான். "பாக்கலாம்பா, ஆடி கழியட்டும்" என்றார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த சுப்புராயன் பேனா மூடியைத் திருகியபடி, "புளியந்தோப்புலேருந்து நேரா புரூஃப் டேபிளுக்கா?" என்றார். பரசுராமன் தன் பெட்டிக்குத் திரும்பிப் போனான். ஆனால் அந்தப் பேச்சை மறக்கவில்லை.

ஆடி கழிவதற்குள் அந்த நோட்டீஸ் வந்தது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மருத்துவர் கருணாகரன் கொடுத்த வேலை அது. அந்த வருடம் சளிக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. தும்மும்போது வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இங்கிலீஷிலும் இரண்டாயிரம் நோட்டீஸ். பரசுராமன் கோத்தான், சுப்புராயன் புரூஃப் பார்த்தார், தாவூது அடித்தான். மூன்றாம் நாள் மருத்துவர் கட்டோடு திரும்பி வந்தார். அவர் முகத்தில் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

"என்னய்யா இது? தும்மலுக்கு இங்கிலீஷ்ல ஸ்நீஸ். நீங்க ஃப்நீஸ்னு போட்டிருக்கீங்க. மேனேஜர் துரை பார்த்துட்டு, இது புது வியாதியான்னு கேக்கறார்!"

ராமதாஸ் நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். அந்த வார்த்தை மூன்று இடத்தில் வந்தது. இரண்டு இடத்தில் சரியாக எஸ். மூன்றாவதில், மேலே வளைந்து நடுவில் கோடு போட்ட எஃப்.

சுப்புராயன் எழுந்து நின்றார். "நான் பார்த்தப்போ சரியா இருந்தது. மெஷின்ல ஏத்தறச்சே எழுத்து விழுந்திருக்கும். இவன் எதையோ எடுத்துச் சொருகியிருக்கான். எஃப்புக்கும் எஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு, புரூஃப் பாக்கறேங்கறான்!"

பரசுராமன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. அதுவும் மூன்று. பெட்டிகளுக்கு முன் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், மருத்துவரும் சிரித்தார், தாவூதுகூடச் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டான். ராமதாஸ் ஆட்களின் பேரேட்டை எடுத்துப் பரசுராமன் பெயருக்கு எதிரே எழுதினார்: எழுத்து வித்தியாசம் தெரியவில்லை, புரூஃப் வேலைக்குத் தகுதியில்லை.

அவர் எழுதியதை எதிரே நின்ற பரசுராமன் தலைகீழாகவே படித்தான். திட்டு அவனுக்குப் புதிதில்லை. எழுத்து தெரியாதவன் என்று யாரும் எழுதிவைத்ததில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவன் சுப்புராயனின் மேஜைமேல் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அந்த நோட்டீஸைப் பார்த்தான். எஃப்பின் நடுக்கோடு தண்டின் இரண்டு பக்கமும் நீளும். இந்த எழுத்தில் அப்படி இல்லை. இடது பக்கம் மட்டும் ஒரு சின்ன மொட்டுபோல நீட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் சுத்தமாக ஒன்றுமில்லை. தேய்மானமா? கட்டிவைத்திருந்த பக்கத்தைப் பிரித்து அந்த ஈய எழுத்தையே எடுத்தான். தேயவில்லை. முனைகள் கூர்மையாக இருந்தன. இது எஃப் இல்லை. அவன் பதினைந்து வருடத்தில் பார்க்காத வேறு ஏதோ எழுத்து.

தன் பெட்டியில் எஸ் அறையை முழுவதும் ஒரு தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தான். அதே மாதிரி இன்னும் ஆறு கிடைத்தன. அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், மூடிப்போன ஒரு பழைய மிஷன் அச்சகத்திலிருந்து முதலாளி எழுத்துகளை எடைக்கு வாங்கினார். தேயாதவற்றை உருக்காமல் பெட்டிகளில் சேர்க்கச் சொன்னார். அந்தப் பெட்டியில் எஸ் அறையில் இருந்ததை இந்தப் பெட்டியின் எஸ் அறையில் கொட்டியது பரசுராமனேதான். பார்க்காமல் கொட்டியிருந்தான்.

புரூஃப் தாள்களை மாட்டும் கம்பியில் அந்த நோட்டீஸின் புரூஃபையும் தேடி எடுத்தான். அதே இடத்தில் அதே எழுத்து. கீழே பச்சை மையில் சுப்புராயனின் சுருக்கொப்பம்.

வீட்டுக்குப் போனதும் சொக்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்பை ஊதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கையெழுத்துப் போட்ட காய்தம் உன்கைல கீது. நாளைக்கே அத்தக் கொண்டும்போய் அந்தாளு மூஞ்சில வீசு. இன்னாத்துக்கு யோசிக்கிற?"

"வீசுனா அவரும் பாக்கலன்னுதான் ஆவும். நான் எய்த்து தெரியாதவன்னு எய்திவச்சது அப்டியேதான் இருக்கும். இது இன்னா எய்த்துன்னு மொதல்ல எனக்குத் தெரியணும்."

"யாராண்ட கேப்ப?"

"எழும்பூர் லைப்ரரில பெரிய டிக்ஷனரி கீதாம். ஞாயித்துக்கெழம போறேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் வரும் நாள். அவன்தான் வரிசையில் நின்று பிடிப்பான். சொக்கம்மாள் குடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். "நீ போய்வா. தண்ணி நான் புட்ச்சிக்கறேன். ஆனா ஒண்ணு, பாதில உட்டுட்டு வந்துகினு நிக்காத."

நூலகத்து ஊழியர் அவனுடைய விரல்களைப் பார்த்துவிட்டு, "கையைக் கழுவிட்டு வாப்பா" என்றார். கழுவினான். நகக்கண்ணில் ஏறிய மை போகவில்லை. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்த ஈய எழுத்தை அவரிடம் காட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவனை ஒரு கண்ணாடி அலமாரிக்கு அழைத்துப் போனார். உள்ளே இருநூறு வருடத்துக்கு முந்தைய ஓர் இங்கிலீஷ் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கம் முழுக்க அந்த எழுத்து. எஃப் என்று வாசித்தால் ஒரு வரியும் விளங்கவில்லை. எஸ் என்று வாசித்ததும் வரிகள் வரிசையாகப் புரிந்தன.

"பழைய காலத்து எஸ்" என்றார் ஊழியர். "வார்த்தையோட ஆரம்பத்துலயும் நடுவுலயும் இதைத்தான் போடுவாங்க. கடைசில மட்டும் இப்போ இருக்கற வளைஞ்ச எஸ். அப்புறம் வழக்கம் போயிடுத்து."

பரசுராமனுக்கு அதுவே போதும். ஆனால் வந்ததுதான் வந்தோம், அந்த வார்த்தையையும் பார்த்துவிடலாம் என்று பெரிய அகராதியில் எஸ் வரும் பாகத்தைக் கேட்டான். தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. ஸ்நீஸ் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்து விரலை வைத்துப் படித்தான். மூன்று வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் புரிந்தது. இன்னோர் அகராதியை வாங்கி, புரியாததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி நோட்டில் எழுதினான். அன்று முடியவில்லை. அடுத்த ஞாயிறும் போனான். அதற்கடுத்த ஞாயிறும் போனான். சொக்கம்மாள் மூன்று ஞாயிறும் தண்ணீர் பிடித்தாள்.

மூன்றாம் ஞாயிறு அவனுக்கு விஷயம் முழுசாகப் பிடிபட்டது. தும்மலுக்கு இங்கிலீஷ்காரர்கள் ஆதியில் சொன்ன வார்த்தை எஃப்பில்தான் ஆரம்பித்திருக்கிறது. எஃப் எழுத்தும் ‘என்’ எழுத்தும் சேர்ந்த ஓசை. மூக்கிலிருந்து காற்று சீறுகிற மாதிரியே இருக்கும். ஐநூறு அறுநூறு வருடத்துக்கு முன்பு அந்த இரட்டை ஓசை பேச்சிலிருந்து மறைய ஆரம்பித்தது. அப்போது பழைய ஏடுகளில் அந்த வார்த்தையைப் பார்த்தவர்கள், இது எஃப்பாக இருக்காது, அந்தப் பழைய நீட்டு எஸ்ஸாகத்தான் இருக்கும் என்று படித்திருக்கலாம். அப்படிப் படித்ததும், எழுதியதும், கடைசியில் அச்சில் ஏறியதும் எஸ். உறுதியாக அப்படித்தான் நடந்தது என்று அகராதி சொல்லவில்லை. எஸ் ஓசை தும்மலுக்குப் பொருத்தமாக இருந்ததும் ஒரு காரணம் என்றது. இரண்டையும் பரசுராமன் எழுதிக்கொண்டான்.

எழுதி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். இங்கிலீஷ் என்பது யாரோ பெரிய மனிதர்கள் குறை இல்லாமல் செய்து இறக்கி வைத்தது என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான். அதனால்தான் சுப்புராயன் பேசும்போது வாய் அடைத்துப்போகும். இப்போது பார்த்தால், அந்தக் காலத்தில் அவனைப்போல ஏட்டின்முன் உட்கார்ந்த எவனோ ஒருவன் எஃப்பையும் எஸ்ஸையும் குழப்பியிருக்கிறான். அந்தக் குழப்பம் சட்டமாகிவிட்டது. பரசுராமனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பழைய காகிதத் தூசியும் மூக்கில் ஏறியது. அந்த அமைதியான கூடத்தில் நான்கு முறை தும்மினான். ஊழியர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, திருத்தி மறுபடி அடித்த நோட்டீஸை வாங்க மருத்துவர் கருணாகரன் வந்திருந்தார். பரசுராமன் அதற்காகத்தான் காத்திருந்தான். முதலாளியின் மேஜைமேல் ஏழு ஈய எழுத்துகளையும் வரிசையாக வைத்தான். பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"மொதலாளி, பாருங்க. இது எஃப் இல்ல. பழைய காலத்து எஸ். எடைக்கு வாங்குன எய்த்துல கலந்து வந்துது. நான்தான் பாக்காம எஸ் ரூம்ல கொட்னேன். அது என் தப்பு. ஆனா எனக்கு எய்த்து தெரியாதுன்றது தப்பு."

ராமதாஸ் குனிந்து பார்த்தார். சுப்புராயன் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இதெல்லாம் நல்லா ஜோடிக்கத் தெரியறது" என்றார்.

பரசுராமன் நோட்டைத் திறந்து நூலகத்தில் எழுதியதைப் படித்தான். முதல் வரிகளில் தடுமாறினான். ஆதியில் எஃப் இருந்த கதைக்கு வந்தபோது தடுமாற்றம் போய்விட்டது. மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏம்பா, அப்போ நீங்க தப்பா அடிச்சதுதான் சரியான வார்த்தைங்கறியா?"

"இல்ல சார். அறநூறு வருசத்துக்கு முன்னாடி அடிச்சிருந்தா சரி. இன்னிக்கி அது தப்புதான். அதான் வேற அடிச்சிக் குட்த்துட்டோம்."

மருத்துவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த முறை யாரும் பரசுராமனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"எழுத்து விழுந்து மாத்தினதுதான்னு நான் சொன்னேனே" என்றார் சுப்புராயன்.

பரசுராமன் சட்டைப் பையிலிருந்து புரூஃப் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தான். "எய்த்து விழல சார். புரூஃப்லியே அப்டிதான் கீது. நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. உங்க மேல பழி போட நான் வர்ல." பிறகு முதலாளியிடம் திரும்பினான். "பேரேட்ல எய்தினீங்களே, அத்த அடிச்சிடுங்க. அதான் நான் கேக்கறது. ரெண்டாவது, ஒரே புரூஃப அவருக்கும் எனக்கும் குடுங்க. தனித்தனியா பாக்கறோம். எனக்குத் தெரியலன்னா அப்புறம் அந்த நாற்காலியப் பத்திப் பேசவே மாட்டேன்."

ராமதாஸ் வழக்கம்போல "பாக்கலாம்பா" என்று ஆரம்பித்தார். பரசுராமன் நகரவில்லை. பேரேடு இருந்த அலமாரியைப் பார்த்தபடி அங்கேயே நின்றான். மெஷினை நிறுத்திவிட்டுத் தாவூதும் வந்து பின்னால் நின்றுகொண்டான். "மொதலாளி, கேக்கறது நாயந்தானே? வச்சித்தான் பாருங்களேன்" என்றான். ராமதாஸ் பேரேட்டை எடுத்து, அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

மறுநாள் ஒரு கப்பல் ஏஜென்டின் இங்கிலீஷ் விதிமுறைப் புத்தகம், பதினாறு பக்கம், இரண்டு புரூஃப் எடுக்கப்பட்டது. சுப்புராயன் தன் மேஜையில் பார்த்தார். பரசுராமன் ஜன்னலோரம் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கு அர்த்தம் பாதிதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு எழுத்தின் முகமும் தெரியும். தலைகீழாக நின்ற ஒரு புள்ளியைக்கூட அவன் கண் விடவில்லை. சாயங்காலம் ராமதாஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார். சுப்புராயன் பிடித்தது பத்தொன்பது பிழை. பரசுராமன் பிடித்தது இருபத்து மூன்று. ஆனால் சுப்புராயன் பிடித்ததில் மூன்றைப் பரசுராமன் தவறவிட்டிருந்தான். மூன்றும் இலக்கணப் பிழைகள். அவன் அங்கேயே நின்று அந்த மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

நாற்காலி முழுசாகக் கிடைத்துவிடவில்லை. காலையில் அச்சுக் கோப்பது, மத்தியானத்துக்குமேல் புரூஃப் பார்ப்பது என்று ராமதாஸ் பாதிப் பாதியாகச் சொன்னார். முதல் நாள் மத்தியானம் பரசுராமன் போனபோது அந்த நாற்காலியில் பழைய தாள் கட்டுகள் ஏற்றப்பட்டிருந்தன. யார் ஏற்றியது என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றாக இறக்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டு, துடைத்து, உட்கார்ந்தான். வீட்டில் சொக்கம்மாள் கேட்டது ஒன்றுதான்: "சாஞ்சி உக்காந்தியா, நுனில உக்காந்தியா?"

"மொத நாளு நுனிலதான்."

"நாளைக்கு நல்லா சாஞ்சி உக்காரு."

எட்டு மாதம் சுப்புராயன் அவனோடு பேசவில்லை. வேண்டிய தாளை மேஜைமேல் தள்ளிவிடுவார், அவ்வளவுதான். பரசுராமன் முதலாளியை நச்சரித்து அச்சகத்துக்கு ஒரு நல்ல அகராதி வாங்க வைத்தான். அதை இரண்டு மேஜைக்கும் நடுவில் வைத்தான். ஒருநாள் சுப்புராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வார்த்தைக்கு எம் ஒண்ணா, ரெண்டா?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று பரசுராமனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "ரெண்டுன்னு நெனைக்கிறேன் சார். பாத்துடலாம்" என்று அகராதியைத் திறந்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ரெண்டுதான். அதன்பிறகு இலக்கணத்தில் சந்தேகம் வந்தால் பரசுராமன் அவரைக் கேட்பான். அவர் சலிப்போடு ஆரம்பித்து, போகப்போக உற்சாகமாகச் சொல்வார். தோஸ்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த இரண்டு மேஜையில் எதிர்ப்பட்ட பிழை தப்பிப்பது கஷ்டம் என்று ராயபுரத்தில் பேர் வந்தது.

1954 தையில் ராமதாஸ் அவனை முழு நேரமாகப் புரூஃப் மேஜைக்கு மாற்றினார். அதே மாதம் பரசுராமன் தனித்தேர்வராக மெட்ரிக்குலேஷன் பரீட்சைக்கு மனு எழுதினான். பரீட்சைக் கூடத்தில் சுற்றிலும் அரும்பு மீசைப் பையன்கள். காவலுக்கு நின்றவர் அவனை யாரோ ஒரு பையனின் அப்பா என்று நினைத்து வெளியே நிற்கச் சொன்னார். ஹால் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உட்கார்ந்தான். இங்கிலீஷில் அறுபத்தொன்று, தமிழில் அறுபத்தாறு. கணக்கில் தோற்றுப்போனான்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் மில்லிலிருந்து வந்த சொக்கம்மாள் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"எவ்ளோ?"

"இருவத்தெட்டு."

"இன்னும் எவ்ளோ வாங்கணும்?"

"ஏழு."

"அம்மாந்தானே?" என்றாள். "மில்லுல எங்க சூப்பர்வைசர் தம்பி கணக்கு வாத்தியாரு. நாளைக்கே கேக்கறேன்."

பரசுராமன் வாங்கி வைத்திருந்த அடுத்த பரீட்சைக்கான மனுவை மடியிலிருந்து எடுத்து, தரையில் விரித்து, பெயரை எழுத ஆரம்பித்தான்.